கிழித்த தாளின் மறுபக்கம்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில், நியூசிலாந்தில் பிறந்த கேலிச்சித்திரக்காரர் டேவிட் லோ வரைந்த கருத்துப்படம் ஒன்றைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவற்றுள் இரண்டு, பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கும் எனக்கு வர வேண்டியவை, ஆந்திரத்துச் சித்தூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உறை முழுவதும் முத்திரைகளோடு வந்து சேர்ந்தன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பழைய கேலிச்சித்திரங்களையும் படக்கதைகளையும் சேகரிப்பது, அவற்றை வரைந்தவர்களைத் தேடி அறிவது ஆகியவை குறித்த கேள்விகளுக்கு மட்டும் இம்முறை விடை எழுதுகிறேன்.

ஐயா, என் பாட்டனார் நெல்லியாம்பதியில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அங்கிருந்த துரை ஊர் திரும்பியபோது விட்டுச்சென்ற டிரங்குப் பெட்டி ஒன்று எங்கள் பரணில் இருக்கிறது. அதில் ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்த கேலிச்சித்திரங்கள் நாற்பதுக்கு மேல் உள்ளன. சிலவற்றில் 'ஹாப்' என்றும் சிலவற்றில் 'லோ' என்றும் கையெழுத்து இருக்கிறது. எதிலும் தேதி இல்லை. இவை எப்போது, எங்கே வெளிவந்தவை என்று எப்படி அறிவது? ஆல்பத்தில் ஒட்டலாமா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கொழிஞ்சாம்பாறை

ஒட்டாதீர்கள் அம்மா. ஒவ்வொரு துண்டையும் முதலில் திருப்பிப் பாருங்கள். கத்தரித்தவருக்கு வேண்டியிருந்தது முன்பக்கத்துப் படம். இன்று உங்களுக்கு வேண்டியது, பின்பக்கத்தில் பாதியாக அறுபட்டு நிற்கும் விளம்பரமும், கப்பல் புறப்படும் நாளும், கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கையும்தாம். நம் வீடுகளில் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்த அம்மாக்களும் பாட்டிகளும், தாம் அறியாமலே, அந்தக் கால சோப்பு விளம்பரங்களையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டார்கள் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

'ஹாப்' என்பவர் லிவிங்ஸ்டன் ஹாப்கின்ஸ். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1846இல் பிறந்த அவரை, சிட்னியில் 1880 ஜனவரி 31 அன்று தொடங்கப்பட்ட 'தி புல்லட்டின்' என்ற வார இதழ் 1883இல் வரவழைத்துக்கொண்டது. சூடான் போருக்கு நியூ சவுத் வேல்ஸ் 1885இல் படை அனுப்ப முடிவு செய்தபோது, மேன்லி என்ற கடற்கரை ஊரைச் சேர்ந்த ஒரு சிறுவன் பெயரில் 25 பவுண்டு நன்கொடை வந்தது. அந்தச் சிறுவனை ஹாப் கிண்டலாக வரைந்தார். தொப்பியும், சுருக்கு வைத்த கழுத்துப்பட்டியும் அணிந்த அந்தப் பையன் பிறகு ஆஸ்திரேலியாவுக்கே அடையாள உருவமாக நிலைத்துவிட்டான்; மற்ற ஓவியர்களும் அவனை வரைந்தார்கள். உங்கள் துண்டுகளில் அவன் எங்காவது நிற்கிறானா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் படம் 1885க்கு முந்தியதாக இருக்க முடியாது.

லோ நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1891இல் பிறந்தவர். 1911இல் புல்லட்டினில் சேர்ந்து, 1919இல் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அவருடைய ஆஸ்திரேலியப் படங்களில் அடிக்கடி வருபவர் பில்லி ஹியூஸ் என்ற பிரதமர்: சிறிய உடம்பு, பெரிய காது, ஓயாத ஆர்ப்பாட்டம். ஹியூஸ் 1915 அக்டோபரில்தான் பிரதமரானார். ஆகவே அவர் பிரதமராகத் தோன்றும் லோவின் புல்லட்டின் படம் 1915க்கும் 1919க்கும் இடைப்பட்டதாகவே இருக்க வேண்டும். பெயர் தெரிந்த ஓர் அரசியல்வாதியின் முகம் இவ்வாறு நான்காண்டு இடைவெளிக்குள் உங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

ஆனால் ஒரு கண்ணி உண்டு. லண்டனில் 1927 முதல் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்டு' நாளிதழில் லோ வரைந்த படங்கள் உலகெங்கும் மறுபதிப்பாயின. சென்னையின் 'தி ஹிந்து'விலும் வந்தன. துண்டின் பின்புறம் மவுண்ட் ரோடு கடை விளம்பரம் இருந்தால், அது சிட்னியிலிருந்து கடல் கடந்து வந்த தாள் அன்று. நம்மூர் ரயிலில் வந்த தாள். அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. லோவை நம்மவர்கள் எந்தத் தாளில் பார்த்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

தேடுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் 2009 முதல் நடத்திவரும் 'டிரோவ்' என்ற மின்தொகுப்பில், புல்லட்டினும், நூற்றுக்கணக்கான பழைய செய்தித்தாள்களும் பக்கம் பக்கமாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஓவியரின் பெயரைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். ஏனெனில் கையெழுத்து படத்தின் ஒரு பகுதி, கணினி அதை எழுத்தாகப் படிப்பதில்லை. படத்துக்குக் கீழே அச்செழுத்தில் உள்ள வாசகத்திலிருந்து அபூர்வமான இரண்டு மூன்று சொற்களை எடுத்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், பின்பக்கத்து விளம்பரத்திலுள்ள மருந்தின் பெயரைத் தேடுங்கள். நான் ஒரு துண்டின் தேதியை, பின்பக்கத்தில் இருந்த செம்மறி ஏலத்தின் அறிவிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

இன்னொன்று. உங்கள் படங்களில் ஏதேனும் ஒன்றில் இரண்டு கையெழுத்துகள் இருந்தால், அது மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட பழைய முறையைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஒன்று வரைந்தவருடையது, மற்றது செதுக்கியவருடையது. 1880களில் ஒளிப்பட முறையில் துத்தநாகத் தகட்டில் பிளாக் (அச்சுக்கான படிவம்) எடுக்கும் வழக்கம் பரவியதும், ஓவியரின் பேனாக்கோடு இடையில் இன்னொருவர் கை படாமல் வாசகரைச் சென்றடைந்தது. ஹாப்பின் கோடுகளில் காணும் துடிப்புக்கு அவருடைய கை பாதிக் காரணம் என்றால், அந்தத் தகடு மறுபாதி.

ஆஸ்திரேலியக் கேலிச்சித்திரம் நமக்கு எதற்கு? நம் மாலியையும் கோபுலுவையும் சேகரிக்கவே ஆள் இல்லையே?
— தொழிற்சாலை ஊழியர், கஞ்சிக்கோடு

நியாயமான கோபம். மாலியைச் சேகரிப்பவர் லோவையும் அறிந்திருந்தால் இழப்பு ஒன்றும் இல்லை என்பதே என் பதில். ஆர்.கே. லக்ஷ்மண் சிறுவனாக மைசூரில் இருந்தபோது 'தி ஹிந்து'வில் லோவின் படங்களை ஆவலோடு பார்த்து வளர்ந்தவர். கையெழுத்தைச் சரியாகப் படிக்காமல், வரைந்தவர் பெயர் 'கௌ', அதாவது பசு, என்று நெடுநாள் எண்ணியிருந்ததை அவரே எழுதியிருக்கிறார். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து சற்று மேற்கே பாருங்கள். ஓ.வி. விஜயன் பாலக்காட்டுக்காரர், 'சங்கர்ஸ் வீக்லி' என்ற கேலிச்சித்திர வார இதழில் 1958இல் சேர்ந்தார். குட்டி என்ற கேலிச்சித்திரக்காரர் ஒற்றப்பாலத்துக்காரர். அவர்களுடைய ஆசான் சங்கர், காயங்குளத்துக்காரர். அவர் பெயரிலான கேலிச்சித்திர அருங்காட்சியகம் காயங்குளத்தை அடுத்த கிருஷ்ணபுரத்தில் இருக்கிறது. இந்தியக் கருத்துப்படத்தின் பரம்பரையைப் பின்னோக்கித் தேடுகிறவர் எவரும் டனீடனில் பிறந்த அந்த மனிதரின் வாசலைத் தாண்டாமல் போக முடியாது. தமிழில் பாரதியார் 'இந்தியா' வார இதழில் கருத்துப்படங்களை வெளியிட்டதும் ஹாப் சிட்னியில் வரைந்துகொண்டிருந்ததும் ஒரே காலம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ராணி காமிக்ஸில் முகமூடி மாயாவி படித்து வளர்ந்தவன் நான். மெல்போர்னில் செவிலியராக இருக்கும் என் தங்கை, அங்கே பழைய புத்தகக் கடையில் முகமூடி மாயாவி இதழ்கள் அடுக்கடுக்காகக் கிடப்பதாகச் சொல்கிறாள். மாயாவி ஆஸ்திரேலியப் படைப்பா? வாங்கி அனுப்பச் சொல்லலாமா?
— மளிகைக் கடைக்காரர், மீனாட்சிபுரம்

மாயாவி (ஆங்கிலத்தில் 'ஃபேண்டம்') அமெரிக்கப் படைப்பு; லீ ஃபாக் 1936 பிப்ரவரியில் தொடங்கிய நாளிதழ்த் தொடர் அது. ஆனால் பிறந்த வீட்டைவிட வாழ்ந்த வீட்டில் அதிகம் கொண்டாடப்படுகிறவர் அவர். அதே 1936இல் 'ஆஸ்திரேலியன் உமன்ஸ் மிரர்' என்ற பெண்கள் இதழ் அவரைக் கொண்டுவந்தது. 1948 செப்டம்பரில் சிட்னியின் 'ஃப்ரூ' பதிப்பகம் தனி இதழாக வெளியிடத் தொடங்கியது. நிறுவிய நால்வரின் பெயர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்ததே அந்தப் பெயர். அந்த வரிசை இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்து வந்தது.

வாங்கச் சொல்லுங்கள், ஆனால் எதற்காக வாங்குகிறீர்கள் என்று தீர்மானித்துக்கொண்டு வாங்கச் சொல்லுங்கள். கதை வேண்டும் என்றால் பிற்கால மறுபதிப்பே போதும். ஒரே கதையை மூன்று நாடுகள் எப்படி அச்சிட்டன என்று ஒப்பிட விரும்பினால், அப்போதுதான் சுவை கூடுகிறது: மாயாவியின் நாடு நம் இந்திரஜால் காமிக்ஸில் 'டெங்காலி' ஆனது ஏன் என்று ஊகித்துப் பாருங்கள். மூலத்தில் அது 'பெங்காலி' என்று இருந்தது.

உள்ளூர் ஓவியர்களைத் தேடுகிறீர்கள் என்றால் மாயாவியைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். போர்க்காலத்தில் டாலரைச் சேமிக்க வேண்டி ஆஸ்திரேலிய அரசு 1940இல் அமெரிக்கக் காமிக்ஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. கடைகளில் வெற்றிடம் உண்டாயிற்று. அதை நிரப்ப உள்ளூர்ப் பதிப்பகங்கள் முளைத்தன. ஸ்டான்லி பிட்டின் 'சில்வர் ஸ்டார்' என்ற விண்வெளிக் கதை 1946இல் வந்தது. ஜான் டிக்ஸன் பல நாயகர்களை வரைந்து, 1959இல் 'ஏர் ஹாக்' என்ற பறக்கும் மருத்துவர் தொடரைத் தொடங்கி 1986 வரை நடத்தினார். கட்டுப்பாடு தளர்ந்து அமெரிக்க இதழ்கள் திரும்பியபோது இந்தத் தொழில் பெரும்பாலும் படுத்துவிட்டது. ஆகவே 1940களின், 1950களின் மெல்லிய உள்ளூர் இதழ் ஒன்று உங்கள் தங்கையின் கண்ணில் பட்டால், அட்டை கிழிந்திருந்தாலும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் லயன் காமிக்ஸும் படித்திருப்பீர்கள். அதில் வந்த மாடஸ்டி பிளைசி படக்கதையை 1980 முதல் 1986 வரை வரைந்த நெவில் கோல்வின் நியூசிலாந்துக்காரர், லோவைப் போலவே டனீடனில் பிறந்தவர் என்பது உங்களுக்குத் தெரியுமா?

வலைவழி விற்பனையில் ஒருவர் 'கையால் வரைந்த மூலப்படம்' என்று ஒரு பழைய ஆஸ்திரேலியக் கேலிச்சித்திரத்தை விற்கிறார். உண்மையா என்று எப்படிச் சோதிப்பது?
— வங்கி அலுவலர், கொல்லங்கோடு

பத்தாண்டுகளுக்கு முன் நானும் தொலைவில் உள்ள ஒரு விற்பனையாளரிடம் இப்படி ஒன்றை வாங்கி, பார்சலைப் பிரித்த அன்றே அது சட்டமிட்ட அச்சுத்தாள் என்று அறிந்து, மூன்று நாள் யாரிடமும் பேசாமல் இருந்தேன். அந்த அனுபவத்தின் கூலியாகச் சொல்கிறேன்.

பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று வாங்குங்கள். சாம்பல் நிறமாகத் தோன்றும் இடத்தைக் கண்ணாடியால் பாருங்கள். வரிசை பிறழாத புள்ளிகள் தாளின் மேல் அச்சு மையாகவே தெரிந்தால் அது பெரும்பாலும் அச்சு. (புள்ளித்தாளை வெட்டி மூலத்தில் ஒட்டுவதும் உண்டு, ஆனால் ஒட்டிய விளிம்பு விரல் நுனிக்குத் தெரியும்.) மூலப்படத்தில் இந்திய மை கனமாக விழுந்த இடம் ஒளியைச் சாய்த்துப் பிடித்தால் மெல்லப் பளபளக்கும். பிழை திருத்திய இடங்களில் வெள்ளைச் சாயம் மேடாக இருக்கும். கோடுகளுக்கு அடியில் பென்சில் தடம், சில இடங்களில் காமிராவில் விழாத வெளிர்நீலப் பென்சில், ஓரத்தில் 'மூன்று பத்தி அகலம்' என்பது போன்ற ஆசிரியர் குறிப்பு, பிளாக் எடுப்பவரின் கைரேகை, குண்டூசித் துளை ஆகியவை இருந்தால் நம்பிக்கை கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக அளவைப் பாருங்கள். ஓவியர்கள் பெரும்பாலும் அச்சில் வரும் அளவைவிடப் பெரிதாக வரைவார்கள். பத்திரிகைப் பக்கத்தின் அளவுக்கே துல்லியமாகப் பொருந்தும் 'மூலப்படம்' ஐயத்துக்குரியது.

அந்தப் படம் அச்சான பக்கத்தை டிரோவில் கண்டெடுத்து ஒப்பிடுங்கள். அச்சில் உள்ள சிறு மைத்தெறிப்பு, தகட்டின் குறையால் வந்த உடைந்த கோடு ஆகியவை உங்களிடம் உள்ள தாளிலும் அப்படியே இருந்தால், அது அச்சிலிருந்து எடுத்த நகல். விற்பவர் பின்பக்கத்தின் புகைப்படம் அனுப்ப மறுத்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியப் பெண்கள் யாரும் வரையவில்லையா? உங்கள் குறிப்பில் ஆண்களின் பெயர்களே இருந்தன.
— கல்லூரி மாணவி, சித்தூர்

குறை சரியானது, ஏற்றுக்கொள்கிறேன். மே கிப்ஸ் 1918இல் 'ஸ்னகிள்பாட் அண்ட் கடில்பை' என்ற நூலை வெளியிட்டார். நாம் தைலமரம் என்று சொல்லும் யூகலிப்டஸின் காய்த் தொப்பியை அணிந்த குழந்தைகள் அதன் நாயகர்கள். 1924இல் அவர் தொடங்கிய 'பிப் அண்ட் பப்' படக்கதை 1967 வரை ஓடியது. தம் படைப்புரிமையை யுனிசெஃப் உள்ளிட்ட குழந்தைகள் நல அமைப்புகளுக்கு அவர் எழுதிவைத்தார். போர்க்காலத்தில், 1943இல், சிட்னியின் 'சண்டே டெலிகிராஃப்' இதழில் கேத்லீன் ஓ'பிரையன் 'வாண்டா தி வார் கேர்ள்' என்ற தொடரை வரையத் தொடங்கினார். ஆண்கள் வேலையைப் பெண்கள் ஏற்ற காலத்தின் உடையும் நடையும் அதில் இருக்கின்றன.

எனினும் நான் அதிகம் நினைப்பது ரூபி லிண்ட் என்பவரைத்தான். புல்லட்டினின் புகழ்பெற்ற ஓவியர் நார்மன் லிண்ட்ஸேயின் தங்கை அவர். அண்ணன் பெயரின் நிழலில் நிற்க விரும்பாமல், குடும்பப் பெயரைச் சுருக்கிக் கையெழுத்திட்டார். பலாராட் பகுதியில் பிறந்த வில் டைசன் என்ற ஓவியரை 1909இல் மணந்து லண்டன் சென்றார். உலகப் போர் முடிந்த பின், 1919 மார்ச்சில், அப்போது பரவிய விஷக் காய்ச்சலில் இறந்தார். வயது 33. இரண்டு மாதம் கழித்து, மே மாதத்தில், டைசன் 'டெய்லி ஹெரால்டு' நாளிதழில் ஒரு படம் வரைந்தார்: வெர்சேய் சமாதான மாநாட்டிலிருந்து தலைவர்கள் வெளியே வருகிறார்கள், தூணுக்குப் பின்னால் ஒரு குழந்தை ஆடையின்றி நின்று அழுகிறது, அதன் தலைக்கு மேல் '1940ஆம் ஆண்டு வகுப்பு' என்று எழுதியிருக்கிறது. ஏதோ குழந்தை அழும் ஓசை கேட்கிறதே என்கிறார் தலைவர்களில் ஒருவர். அன்று பிறந்த குழந்தை 1940இல் போருக்குப் போகும் வயதில் இருக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பிசகவில்லை. இந்தப் படத்தைத் தீர்க்கதரிசனம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். வரைந்தவர் இரண்டு மாதத்துக்கு முன் மனைவியைப் பறிகொடுத்தவர் என்பதைச் சிலரே எழுதுகிறார்கள். ரூபியின் படங்களைத் தேடுகிறவர்கள் 'லிண்ட்' என்ற கையெழுத்தை அண்ணனுடையது என்று பிழையாகப் பட்டியலிட்டிருக்கும் இடங்களையும் தேட வேண்டும்.

நான் வாங்கிய பழைய புல்லட்டின் பக்கங்களில் சீனரையும் பழங்குடி மக்களையும் மிகக் கேவலமாக வரைந்திருக்கிறார்கள். இவற்றை வைத்திருப்பதே கூச்சமாக இருக்கிறது. எறிந்துவிடலாமா?
— நூலகர், வேலந்தாவளம்

எறியாதீர்கள். அந்த இதழ் 1908 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் 'ஆஸ்திரேலியா வெள்ளையனுக்கே' என்ற முழக்கத்தைத் தன் பெயருக்கு அருகில் அச்சிட்டது. ஃபில் மே என்ற ஆங்கிலேயரின் கோட்டுத் திறனுக்கு ஈடில்லை என்பார்கள். அவர் 1886இல் அங்கே வரைந்த 'மங்கோலிய ஆக்டோபஸ்' ஒரு சீனர் முகத்தையும் நாடு முழுவதையும் பிடித்திழுக்கும் எட்டுக் கைகளையும் கொண்டது. திறமையும் வெறுப்பும் ஒரே பேனாவிலிருந்து வந்திருக்கின்றன. நம் நாட்டிலிருந்து சென்று ஊர் ஊராகத் துணி விற்ற வியாபாரிகளையும் அந்தக் காலப் பத்திரிகைகள் விட்டுவைக்கவில்லை. அழகான படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எறியும் சேகரிப்பாளர், அந்தக் காலத்தைப் பொய்யாக்குகிறார். தனி உறையில் வையுங்கள். எந்த இதழ், எந்த ஆண்டு, யாரை எதற்காகத் தாக்கியது என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே போடுங்கள். வாசகசாலையில் காட்சிக்கு வைப்பதானால் அந்தச் சீட்டு இல்லாமல் வைக்காதீர்கள்.

ஆடி மாதச் சாரலில் எங்கள் வீட்டுத் தாள்கள் எல்லாம் பூசணம் பிடிக்கின்றன. செய்தித்தாளை எப்படிக் காப்பது?
— விவசாயி, கோவிந்தாபுரம்

செய்தித்தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள பொருள்களே அமிலமாகி, வெளிச்சம் பட்டால் பழுப்பாகி, மடித்த இடத்தில் ஒடியும். அதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். மடிக்காமல் தட்டையாக, அமிலமற்ற அட்டை மேல், பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். மலிவான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் தாளோடு ஒட்டிக்கொள்ளும். சுவரோரத்திலும் பரணிலும் வேண்டாம். மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் சிலிகா பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை சூடாக்கி ஈரம் போக்கி மீண்டும் வையுங்கள். தாளை வெயிலில் காட்டாதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை வைக்கும் வழக்கம் ஏட்டுச் சுவடிக்குச் சரி. காய்ந்த இலை செய்தித்தாளில் கறையை விட்டுச் செல்லும். செல்லோ டேப்பும் லேமினேஷனும் வேண்டவே வேண்டாம்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். சிட்னியின் 'ஸ்மித்ஸ் வீக்லி' என்ற வார இதழின் 1930களைச் சேர்ந்த ஓராண்டுத் தொகுதியை பைண்டு செய்யக் கொடுத்தேன். பைண்டர் நேர்த்தியாக இருக்கட்டும் என்று மூன்று பக்கமும் வெட்டினார். தேதியும் பக்க எண்ணும் அந்த விளிம்பில்தான் இருந்தன. அவரைக் குறை சொல்ல முடியாது. 'ஓரத்தைத் தொடாதே' என்று நான்தான் சொல்லவில்லை.

எங்கள் ஊர் வாசகசாலையின் ஆண்டு விழாவில் பழைய ஆஸ்திரேலியக் கருத்துப்படங்களைப் பெரிதாக்கி வைக்கவும், சிறு மலராக அச்சிடவும் விரும்புகிறோம். படைப்புரிமைச் சிக்கல் வருமா?
— வழக்கறிஞர், பாலக்காடு

வழக்கறிஞருக்கு நான் சட்டம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். இந்தியாவில் ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. லோ 1963இல் இறந்தார், ஆகவே 2023 முடிவோடு தீர்ந்தது. ஹாப் 1927இலும் டைசன் 1938இலும் மறைந்தவர்கள். நார்மன் லிண்ட்ஸேயும் மே கிப்ஸும் 1969இல் இறந்தார்கள். அவர்களுடைய படங்களுக்குக் காத்திருங்கள், அல்லது அனுமதி கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் 1955க்கு முன் இறந்தவர்களின் படங்கள் ஏற்கெனவே பொதுவுடைமை. அதற்குப் பிந்தியவர்களுக்கு 70 ஆண்டுகள்.

உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் ஒரு வழக்கையும் நினைவூட்டுகிறேன். 'ஜிஞ்சர் மெக்ஸ்' என்ற செந்தலைச் சிறுவனின் படக்கதையை ஜிம்மி பேங்க்ஸ் 1921 நவம்பரில் சிட்னியின் ஞாயிறு 'சன்' இதழில் தொடங்கினார். (முதலில் அவன் பெயர் ஜிஞ்சர் ஸ்மித், அடுத்த ஆண்டுதான் மெக்ஸ் ஆனான். பெயர் ஸ்மித் என்றிருக்கும் தாள் கிடைத்தால் விடாதீர்கள்.) படக்கதைப் பகுதியின் முதல் பக்கத்தில் முழுப் பக்கமாக வெளியிட வேண்டும் என்பது ஒப்பந்தம். 1951இல் தொடர்ந்து மூன்று ஞாயிறுகள் அது மூன்றாம் பக்கத்துக்குப் போயிற்று. ஒப்பந்தம் முறிந்தது என்று சொல்லி அவர் வெளியேறினார். வழக்கு ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றமான 'ஹை கோர்ட்' வரை சென்றது. முதல் பக்கம் என்பது ஒப்பந்தத்தின் உயிரான நிபந்தனை என்று தீர்ப்பாயிற்று. பேங்க்ஸ் வேறொரு ஞாயிறு இதழுக்கு மாறி, அடுத்த ஆண்டே மறைந்தார். படத்தைத் தனியே கத்தரித்து வைப்பவர்களுக்கு இந்த வழக்கே புரியாது. அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று துண்டில் தெரியாதே!

நியூசிலாந்தில் லோவைத் தவிர வேறு யார்?
— நகரி வாசகர் ஒருவர்

'ப்ளோ' என்று கையெழுத்திட்ட வில்லியம் புளோம்ஃபீல்டு, கிவிப் பறவையையும், அழிந்துபோன மோவாப் பறவையையும் நாட்டின் உருவகமாக வரைந்த டிரெவர் லாயிட், 'நியூசிலாந்து ஹெரால்டு'இல் நெடுங்காலம் வரைந்த கோர்டன் மின்ஹினிக், சிட்னிக்குப் போய் 'ஸ்மித்ஸ் வீக்லி'யில் முகச்சித்திரங்களால் பெயர் பெற்ற ஜார்ஜ் ஃபினி. அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் 'பேப்பர்ஸ் பாஸ்ட்' தொகுப்பில் பழைய நாளிதழ்கள் கிடைக்கும். வெலிங்டனில் அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகத்தில் 1992இல் தொடங்கிய கேலிச்சித்திர ஆவணக் காப்பகம் இருக்கிறது.

நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஊரில் பழைய பொருள் வாங்கும் ஆக்கிரிக் கடையைத் தவிர எதுவும் இல்லை. என்னிடம் கைபேசி மட்டுமே உண்டு. எந்தப் படத்திலிருந்து தொடங்க வேண்டும்?
— மாணவன், வண்டித்தாவளம்

தம்பி, 'ஸ்மித்ஸ் வீக்லி' 1933 ஜூலை 29 இதழை டிரோவில் திற. ஸ்டான் கிராஸ் வரைந்த ஒரு படம் அதில் இருக்கும். கட்டடத்தின் உச்சியில் ஓர் இரும்புத் தூலத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தொழிலாளி தொங்குகிறான். இன்னொருவன் அவன் காற்சட்டையைப் பிடித்துத் தொங்குகிறான். காற்சட்டை கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. கீழே தொங்குகிறவன் அடக்க முடியாமல் சிரிக்கிறான். கடவுளே, சிரிப்பை நிறுத்து, இது விளையாட்டில்லை என்கிறான் மேலே தொங்குகிறவன். ஆஸ்திரேலியாவில் இதைவிடப் புகழ்பெற்ற நகைச்சுவைப் படம் இல்லை என்பார்கள். அந்நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்திலிருந்து அப்போதுதான் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

படத்தைப் பார்த்ததும் கைபேசியை மூடிவிடாதே. அதே பக்கத்தில் வேறு என்ன அச்சாகியிருக்கிறது, அடுத்த பக்கத்தில் எந்தக் கடை எந்தப் பொருளை என்ன விலைக்கு விற்றது என்று ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு. உறையில் 'பாலக்காடு மாவட்டம்' என்று மறக்காமல் எழுது.